நான் யார் என்று கேட்கும் வயது

மருதனார்மடம் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். தரம் 10 படிக்கும் பெறாமகள் விறாந்தை முழுக்கத் தாள்களைப் பரப்பி வைத்திருந்தாள். பாடசாலையில் கொடுத்த செயற்றிட்டம். தலைப்பு: ‘நானும் எனது கட்டிளமைப் பருவமும்’. உடல் மாற்றங்கள், குடும்ப மரம், நண்பர்கள், பிடித்தவை, நாளைய நான் என்று ஐந்து பகுதிகள். குடும்பத்தில் ஒருவரைப் பேட்டி காணவும் வேண்டுமாம்.

“சித்தி, நீங்கள் என்ர வயசில என்னவா வர ஆசைப்பட்டனீங்கள்?”

ஊடகக் கற்கை படித்தவள் நான். கேள்வி கேட்பதுதான் தொழில். ஆனாலும் இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது எனக்கு 16 வயது. ஊரடங்கு, சுற்றிவளைப்பு, அரிசிக்கும் சீனிக்கும் வரிசை. அப்போது ‘அடையாளம்’ என்றால் எங்களுக்கு அட்டைதான். அதில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டப்படும். நான் யார் என்று அறியச் சென்றியில் நின்றவருக்கு அது போதும். எனக்கும் அதற்கு மேல் யோசிக்க நேரம் கிடைக்கவில்லை.

குழப்பம் நோயல்ல

10 முதல் 19 வயது வரையான காலத்தை உலக சுகாதார நிறுவனம் கட்டிளமைப் பருவம் என்கிறது. இந்த வயதில் உடல் மாறுவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே நடப்பது அவ்வளவாகத் தெரியாது. அதுவரை அப்பா, அம்மா, கோயில், பாடசாலை சொன்னதையெல்லாம் தன்னுடையதாக வைத்திருந்த பிள்ளை, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத் தொடங்குகிறது. இதில் எது எனக்குரியது, எது வேண்டாம் என்று கேட்கிறது. வீட்டில் அதை ‘எதிர்த்துக் கதைக்கிறது’ என்போம்.

இந்தப் பருவத்தின் முதன்மையான வேலையே ‘தன்னடையாளம்’ தேடுவதுதான் என்று விளக்கியவர் உளவியலாளர் எரிக் எரிக்சன். 1902இல் ஜேர்மனியில் பிறந்தவர். பெற்ற தந்தை யாரென்று கடைசிவரை அறியாதவர். நாஸிகளின் காலத்தில் ஐரோப்பாவை விட்டு அமெரிக்காவுக்குப் போய், 1939இல் தன் குடும்பப் பெயரையே மாற்றிக்கொண்டார். ‘அடையாள நெருக்கடி’ என்ற சொல்லை அவர் முதலில் பயன்படுத்தியது பதின்ம வயதினருக்காக அல்ல. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படையினரைச் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மறுவாழ்வு நிலையத்தில் பார்த்தபோதுதான் அந்தச் சொல் வந்தது. நேற்றிருந்த தானும் இன்றிருக்கும் தானும் ஒரே ஆள்தான் என்ற உணர்வு அவர்களில் அறுந்திருந்தது. இதே திணறல் வளரும் பிள்ளைகளிலும் இருப்பதை அவர் பின்னர் விரிவாக எழுதினார். எங்களுக்கு மிகவும் பொருந்தும் இந்தச் சொல், போரிலிருந்தே பிறந்தது.

தேடாமல் கிடைத்த முடிவு

எரிக்சனின் கருத்தை 1966இல் ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் நான்கு நிலைகளாகப் பிரித்தார். தேடலும் இல்லை, முடிவும் இல்லை என்பது ஒன்று. தேடிக்கொண்டே இருப்பது இன்னொன்று. தேடிப் பார்த்து ஒரு முடிவுக்கு வருவது மூன்றாவது. தேடாமலே மற்றவர் தந்த முடிவை ஏற்றுக்கொள்வது நான்காவது. “டொக்டருக்குத்தான் படிக்கோணும்” என்று தரம் ஐந்திலேயே முடிவாகிவிட்ட பிள்ளை இந்த நான்காவது வகை.

அடையாளத்தை வெளியிலிருந்து பெறுவது எங்கள் ஊர்ப்பக்கத்துக்குப் புதிதல்ல. 1824இல் அயலூரான உடுவிலில் அமெரிக்க மிஷன் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது. அக்கால மிஷன் விடுதிகளில் படித்த பிள்ளைகளுக்கு, செலவை ஏற்ற அமெரிக்கர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. 1913இல் சைவப் பெண்பிள்ளைகளுக்கென்று மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரி எழுந்தது. இரண்டும் பெண்களுக்குக் கல்வியைத் தந்தன. அந்தப் பெண் யாராக இருக்க வேண்டும் என்பதைப் பெரியவர்களே தீர்மானித்தார்கள்.

போர் இதை இன்னும் இறுக்கியது. தேடுவதற்கு அவகாசம் வேண்டும், பிழைவிட்டுத் திருந்த இடம் வேண்டும் என்கிறார் எரிக்சன். எங்கள் பிள்ளைகளுக்கு அது இருக்கவில்லை. சிலர் ஆயுதம் ஏந்தினார்கள். சிலர் ஏந்த வைக்கப்பட்டார்கள். அதிலிருந்து காப்பாற்றவென்று வன்னியில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அவசரக் கலியாணம் நடந்தது. சிலரை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அன்று அவை உயிர் தப்பும் வழிகள். குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த அவகாசம் கிடைக்காதவர்கள்தான் இன்று அம்மா, அப்பா, ஆசிரியர். தாங்கள் கேட்டே பார்க்காத கேள்வியைப் பிள்ளை கேட்கும்போது கோபம் வருகிறது, அல்லது பயம் வருகிறது.

புள்ளிக்கு அப்பால்

அதனால்தான் இப்படியான செயற்றிட்டங்களை நான் பெரிதாக நினைக்கிறேன். அவற்றைக் கவனமாகவும் செய்ய வேண்டும். குடும்ப மரம் வரையச் சொல்லும்போது, தந்தையை இழந்த பிள்ளையும் வகுப்பில் இருக்கும். எதை எழுதுவது, எதை விடுவது என்பது பிள்ளையின் முடிவாக இருக்க வேண்டும். சம்மதம் கேட்காமல் வகுப்பில் வாசிக்க வைக்கக் கூடாது. புள்ளி போடுவதென்றால் முயற்சிக்குப் போடலாம், வாழ்க்கைக்குப் போட முடியாது. எழுதியதில் துயரம் தெரிந்தால் பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடமோ அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவிலோ கதைக்கலாம். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல உதவிச் சேவையை அழைக்கலாம்.

வீட்டில் செய்யவேண்டியது அதைவிடச் சுலபம், அதைவிடக் கடினம்: பிள்ளை கேட்டால் பதில் சொல்வது.

பெறாமகளின் குடும்ப மரத்தில் ஒரு பெட்டி வெறுமையாக இருந்தது. “மாமாவை எழுதட்டோ, விடட்டோ?” என்று கேட்டாள். எங்கள் அண்ணா 2007இல் கடைக்கென்று போனவர், திரும்பி வரவில்லை. போர் முடிந்த பிறகு பிறந்தவள் அவள். அவரைப் பற்றி அவளிடம் யாரும் இருந்து கதைத்ததில்லை. அக்கா ஒன்றும் பேசாமல் குசினிக்குள் போய்விட்டாள்.

சிறிது நேரத்தில் அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணா அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்றுதான் எங்களிடம் எஞ்சியது. அதைக் கொண்டுவந்து மகளின் கையில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தாள்.

“ஒட்டாத. கொப்பி எடுத்து ஒட்டு. அவனுக்குப் படம் கீறுறதெண்டால் உயிர். அதையும் எழுது.”

எனக்கும் அது மறந்துபோயிருந்தது.