விருந்தாளி அணியும் வில்லை

முன்னாளில் கச்சேரிச் சேவகன்தான் மார்பில் வில்லை அணிந்திருப்பான். உல்லாசக் கப்பலிலோ விருந்தாளியே வில்லை அணிகிறான்! 2017-ஆம் ஆண்டில் 'ரீகல் பிரின்ஸஸ்' என்ற கப்பலில் இவ்வழக்கம் தொடங்கிற்று.

நாணயத்தளவே உள்ள இவ்வில்லையுடன் நெருங்கினால் அறைக் கதவின் பூட்டுத் தானே திறந்துகொள்ளும். எந்தத் தளத்தில் அமர்ந்திருந்தாலும், நாம் கேட்ட பானம் நம்மைத் தேடி வரும். கூட்டத்தில் பிரிந்த குழந்தை இருக்குமிடத்தையும் கைப்பேசியில் காணலாம்.

சௌகரியந்தான்; சந்தேகமில்லை. ஆனால் கப்பலெங்கும் பதித்த கருவிகள் நம் இருப்பிடத்தை ஓயாமல் அறிந்துகொண்டிருப்பதால்தான் இத்தனையும் நடக்கிறது. உபசாரம் எங்கே முடிகிறது, காவல் எங்கே தொடங்குகிறது? விருந்தாளியின் தேவையை அறிவது விருந்தோம்பல். அவன் விரும்பும்போது வில்லையைக் கழற்றிவைத்துத் தனித்திருக்க விடுவதும் விருந்தோம்பலே அன்றோ!