தோட்டத்துப் பாதை யாருக்குச் சொந்தம்?

மலையகத்துக்கு ‘ஓஃப் ரோட்’ ஓட்டுவதற்கென்றே வருபவர்கள் இருக்கிறார்கள். வார இறுதிகளில் கொழும்பிலிருந்து ஃபோ வீல் வாகனங்களில் வருபவர்கள் தேடிப்போகும் பாதைகளில் பல தேயிலைத் தோட்டங்களுக்குள் செல்பவைதான். ஓஹியவிலிருந்து உடவேரிய தோட்டத்தினூடாக இறங்கி, 263 மீற்றர் உயரமான பம்பரகந்த நீர்வீழ்ச்சியைக் கடந்து, களுபஹனவில் ஏ4 வீதியைச் சேரும் ‘டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ்’ அவற்றில் பெயர்போனது. சேறு, செங்குத்து வளைவு, பனிமூட்டம் என்று அந்தப் பாதையின் காணொளிகள் யூடியூபில் நிறைய இருக்கின்றன. இதே மாதிரியான பாதைகளில்தான் லயத்துப் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்கள், கர்ப்பிணிகள் கிளினிக்குக்குப் போகிறார்கள். சிலருக்கு ஒரு நாள் சாகசமாக இருக்கும் பாதை, இன்னும் சிலருக்கு ஏன் தலைமுறை தலைமுறையாக ஒரே வழியாக இருக்கிறது? இந்தக் கேள்விக்கான விடையில் பாதி மண்ணில் இருக்கிறது, மீதி சட்டத்தில் இருக்கிறது.

கெப் வண்டியில் ஒரு நாள்

மண்ணில் இருக்கும் பாதியைப் பார்ப்பதற்காக, பொகவந்தலாவைப் பக்கமுள்ள ஒரு தோட்டத்தின் மேற்கணக்கு வரை கெப் வண்டியில் போய்வந்தேன். டவுனிலிருந்து மேலே மா, அரிசி, கேஸ் சிலிண்டர் ஏற்றிச்செல்வதும், வரும்போது மரக்கறியும் ஆட்களும் ஏற்றிவருவதும்தான் அந்த வண்டியின் தினசரி வேலை. ஓட்டியவர் அந்தக் கணக்கிலேயே பிறந்து வளர்ந்த அண்ணன் ஒருவர். தார் வீதி நான்கு கிலோமீற்றரில் முடிந்துவிட்டது. அதற்கு மேல் இருந்த ஏழு கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது.

கெப் வண்டி பாரம் ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டது. பின்பக்கம் வெறுமையாக இருந்தால் பின்சில்லுகளுக்கு மண்ணில் பிடி கிடைக்காது, ஏற்றத்தில் சும்மா சுழலும். “வெறும் கெப் துள்ளும் தம்பி. நாலு மூட்டை இருந்தாத்தான் அடங்கும்” என்றார் அண்ணன். ஏற்றத்தில் அவர் லோ ரேஞ்ச் கியரில் ஒரே வேகத்தில் போனார். இடையில் நிறுத்தினால் மறுபடி எடுப்பது கஷ்டம். இறக்கத்திலும் குறைந்த கியர்தான். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, தேவையான வளைவில் பிடிக்காமல் போகும்.

லொறிச் சில்லுகள் வெட்டிய இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே ஒரு மேடு நீளமாக ஓடுகிறது. பள்ளத்துக்குள் சில்லை விட்டால் வண்டியின் வயிறு மேட்டில் தட்டும். அதனால் ஒரு பக்கச் சில்லை நடுமேட்டிலும் மறுபக்கச் சில்லைப் பாதையின் ஓரத்திலும் வைத்து ஓட்டினார். ஓரத்துக்கு அப்பால் தேயிலை மலை கீழே சரிந்து போகிறது. ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடித்தார். எதிரே வருவது கொழுந்து லொறியாக இருந்தால் யாராவது ஒருவர் நூறு மீற்றர் பின்னால் போக வேண்டும்.

பாதையைத் தின்பது தண்ணீர்

இந்தப் பாதைகள் முதலிலிருந்தே இப்படி இருக்கவில்லை. கோப்பிக் காலத்திலும் அதன் பின் தேயிலைக் காலத்திலும் மூட்டைகளைக் கீழே கொண்டுவருவதற்காக இவை வெட்டப்பட்டன. ரயில் பாதை நானுஓயாவை எட்டியது 1885இல்தான். தோட்டத்திலிருந்து ஸ்டேஷன் வரையான தூரத்தை மாட்டு வண்டிகள்தான் கடந்தன. அதற்கேற்ற சாய்வில், செங்குத்தான இடங்களில் கருங்கல் பதித்து, மலைப்பக்கம் கான் வெட்டி, தண்ணீர் கடக்க மதகு வைத்துக் கட்டினார்கள்.

மலைப்பாதையின் உயிர் அந்தக் கானில்தான் இருக்கிறது. கானை வெட்டித் துப்புரவாக வைத்திருந்தால் மழைத்தண்ணீர் ஓரமாக ஓடி மதகுக்குள் இறங்கிவிடும். கான் மண்ணால் மூடினால் தண்ணீர் பாதையையே கானாக்கிக்கொள்ளும். முதலில் மண் போகும், பிறகு மண் பிடித்துவைத்திருந்த கல் பெயரும். முன்பு கான் வெட்டுவது தோட்டத்தின் வழக்கமான வேலைகளில் ஒன்று. தொழிலாளர் எண்ணிக்கை குறையக் குறைய, கொழுந்தும் வருமானமும் தராத வேலைகள்தான் முதலில் விடுபட்டன. நான் போன பாதையில் இரண்டு மதகுகள் முற்றாக அடைபட்டிருந்தன. அந்த இரண்டு இடங்களுக்கும் கீழேதான் மிக மோசமான பள்ளங்கள் இருந்தன.

சாகசப் பயணிகளின் பங்கும் இங்கேதான் வருகிறது. ஈர மண்ணில் ஒரு சில்லு சுழன்றால் அந்த இடத்தில் ஒரு குழி விழும். அடுத்த மழையில் அது வாய்க்காலாகும். பத்து ஜீப்புகள் வரிசையாக ஏறிப்போன மறுநாள் அந்த இடத்தில் முச்சக்கர வண்டி ஏறாது. “அவங்க சந்தோசமாப் போயிருவாங்க. கல்லு தூக்கிப் போட்டு ரொப்புறது நாங்கதான்” என்றார் அண்ணன்.

திரும்பி வரும்போது கிளினிக் துண்டோடு ஒரு பாட்டியும் அவருடைய பேத்தியும் ஏறினார்கள். ஓட்டோவில் போவதில்லையா என்று கேட்டேன். “ஒரு பேருக்கு மேல கேக்குறாங்கய்யா” என்றார் பாட்டி. பேர் என்றால் ஒரு நாள் வேலைக்குரிய சம்பளம். இரவில் யாருக்காவது வருத்தம் என்றால் தோட்ட லொறியிலோ இந்தக் கெப்பிலோ பிரதான வீதி வரை கொண்டுவர வேண்டும். அதன் பிறகுதான் 1990 அம்புலன்ஸ்.

சட்டத்தில் உள்ள பள்ளம்

இலங்கையில் ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளன. சீ, டீ தர வீதிகள் மாகாண சபைக்குரியவை. கிராமத்து உள்வீதிகளைப் பிரதேச சபைகள் பார்க்கின்றன. தோட்டத்துப் பாதை பொதுவாக இந்த மூன்று வரிசையிலும் சேர்வதில்லை. 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றில் பெரும்பகுதியின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் போனது. பின்னர் 53 வருடக் குத்தகையாக்கப்பட்டது. அந்தக் குத்தகை 2045இல் முடியும். ஆகவே நிலம் அரசுக்குரியது, நிலத்தின் மீதான பிடி கம்பனிக்குரியது. பாதையும் அந்த நிலத்துக்குள்தான் அடங்குகிறது. கம்பனிக்கு அது கொழுந்து கொண்டுபோகும் வழி. கொழுந்து எடுக்காமல் கைவிட்ட மலைக்குப் போகும் பாதையைத் திருத்த அதற்கு எந்த வியாபாரக் காரணமும் இல்லை, அங்கே இன்னும் நாற்பது குடும்பங்கள் இருந்தாலும்கூட.

பிரதேச சபைகளுக்கு நீண்ட காலம் கை கட்டப்பட்டிருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்துச் சபைக்கு உறுப்பினர்களை அனுப்பினார்கள், அந்தச் சபையால் அவர்களுடைய பாதையில் ஒரு மூட்டை சீமெந்து கொட்ட முடியவில்லை. 2018இல்தான் இந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே வருடம் நுவரெலியா மாவட்டத்தில் மஸ்கெலியா, நோர்வூட், அக்கரபத்தனை, கொட்டகலை ஆகிய புதிய சபைகளும் இயங்கத் தொடங்கின.

கதவு திறந்தது, ஆனால் பாதை கைமாறவில்லை. நிலம் குத்தகையில் இருக்கும்வரை சபை தானாக உள்ளே போய் வேலை தொடங்குவது எளிதல்ல. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே மாதத் தேர்தல் வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்களே இருக்கவில்லை. புதிய சபைகள் வந்து சில மாதங்களுக்குள், 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயல் வந்தது. மண்சரிவுகளால் பிரதான வீதிகளே துண்டிக்கப்பட்ட நாட்களில், எந்தப் பட்டியலிலும் இல்லாத பாதை எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்று யார் பதிவு செய்வது?

வருபவர்களும் இருப்பவர்களும்

சுற்றுலா வேண்டாம் என்று நான் பேசிய எவரும் சொல்லவில்லை. கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் ‘பீக்கோ ட்ரெயில்’ நடைப்பாதை, பழைய தோட்டப் பாதைகளையே 22 கட்டங்களாக இணைத்து அமைக்கப்பட்டது. கால்நடையாக வருபவர் பாதையைக் கெடுப்பதில்லை, வழியில் ஒரு தேநீரும் குடிப்பார். வாகனத்தில் வருபவர்களுக்கும் சில எளிய ஒழுங்குகள் போதும்: மழை பெய்த மறுநாள் போகாதிருப்பது, சில்லைச் சுழலவிடாதிருப்பது, கொழுந்து லொறிக்கும் நோயாளி வண்டிக்கும் ஒதுங்குவது.

ஆனால் அடிப்படைத் தேவை வேறு. குடியிருப்புகளுக்குச் செல்லும் ஒவ்வொரு தோட்டப் பாதையும் குத்தகை நிலத்திலிருந்து பிரிக்கப்பட்டு, பிரதேச சபையின் வீதிப் பட்டியலில் ஏற வேண்டும். அப்போதுதான் கான் வெட்டவும் மதகு கட்டவும் ஒவ்வொரு வருடமும் நிதி கேட்க முடியும். தேர்தலுக்குத் தேர்தல் ஐம்பது மீற்றர் கொங்கிரீட் போட்டு, பக்கத்தில் பெயர்ப்பலகை நடுவதால் பாதை உருவாகாது.

இதன் முதல் படியை மக்களே எடுக்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரதேச சபைகளுக்கும் பொருந்தும். ‘எங்கள் கணக்குக்கு வரும் பாதை உங்கள் வீதிப் பட்டியலில் இருக்கிறதா? இல்லையென்றால் அதைச் சேர்க்க இதுவரை என்ன செய்தீர்கள்?’ என்று எழுத்தில் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவைச் சபை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். வரும் பதில் ‘இல்லை’ என்பதாகவே இருக்கட்டும். அந்தக் கடிதம் கையில் இருந்தால், பாதை யாருடையது என்ற கேள்வியைச் சபையிடமும் கம்பனியிடமும் ஒரே மேசையில் வைத்துக் கேட்கலாம்.