ஆறு கிலோபைட் ஞாபகம்

வங்கியின் ஏடிஎம்மில் 5,000 ரூபாய் எடுக்கிறீர்கள். கணக்கு மெயின்ஃபிரேம் என்னும் பெருங்கணினியில் இருந்தால், அந்தப் பற்று பெரும்பாலும் இரண்டு இடங்களில் பதிவாகும்: முதன்மை மையத்தில் ஒன்று, தள்ளியிருக்கும் மாற்று மையத்தில் இன்னொன்று. அங்கிருந்து ‘எழுதியாயிற்று’ என்று பதில் வந்தால்தான் இங்கே வேலை முடிந்ததாகக் கணக்கு. 1990களில் ஐபிஎம் கொண்டுவந்த இந்த ஏற்பாட்டுக்கு அன்று பெயர் பிபிஆர்சி. இன்று மெட்ரோ மிரர்.

இதில் தூரத்துக்கும் விலை உண்டு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். 100 கி.மீ. போய்த் திரும்ப 1 மில்லிநொடி. ஒவ்வொரு பதிவும் அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்.

ஒரு நாள் இடையில் இருக்கும் இழை அறுந்துவிடுகிறது. வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார். எனவே எல்லா வால்யூம்களின் (சேமிப்பு வட்டுகளின்) நகலையும் ஒரே கணத்தில் உறையவைத்துவிட்டு, முதன்மை மையம் தனியாக வேலையைத் தொடரும். இந்த நிலைக்கு ‘சஸ்பெண்ட்’ என்று பெயர்.

இழையைச் சரிசெய்த பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து படியெடுக்க வேண்டுமா? வேண்டாம். உதாரணமாக, ஐபிஎம்மின் 3390 மாடல் 3 வகை வால்யூம் ஒன்றில் 3,339 சிலிண்டர்கள். சிலிண்டருக்கு 15 டிராக், அதாவது தரவு எழுதப்படும் தடம். மொத்தம் 50,085 டிராக், சுமார் 2.8 ஜிபி. பிரிந்திருந்த காலத்தில் எந்த டிராக் மாறினாலும் அதற்கான ஒரு பிட்டில் 1 விழும். வருகைப் பதிவேடு மாதிரிதான். 50,085 பிட் என்பது ஏறத்தாழ 6 கிலோபைட். இந்தச் சின்னப் பதிவேட்டைப் பார்த்து, 1 விழுந்த டிராக்குகளை மட்டும் அனுப்பினால் போதும். ஒரே டிராக் நூறு முறை மாறியிருந்தாலும் கடைசி வடிவம் மட்டுமே போகும்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. எது மாறியது என்பது பதிவேட்டுக்குத் தெரியும். எது முன்னால் மாறியது, எது பின்னால் மாறியது என்பது தெரியாது. உங்கள் கணக்கிலிருந்து நண்பர் கணக்குக்குப் பணம் போயிருக்கிறது என்று வையுங்கள். நண்பரின் வரவு இருக்கும் டிராக் மாற்று மையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. உங்கள் பற்று இருக்கும் டிராக் இன்னும் போகவில்லை. அந்த நேரத்தில் முதன்மை மையம் தீப்பிடித்தால், மாற்று மையத்தில் ஒரே பணம் இரண்டு பேரிடம் இருக்கும்! உறைந்து கிடந்த நகல் பழையது, ஆனால் கணக்கு உதைக்காதது. பாதி ஒத்திசைந்த நகலோ பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

அதனால் விவரமறிந்தவர்கள், ஒத்திசைவைத் தொடங்கும் முன் மாற்று மையத்தில் இருக்கும் பழைய நகலை ஃபிளாஷ்காப்பி என்னும் உடனடி நகலெடுப்பு மூலம் தனியே எடுத்து வைத்துக்கொள்வார்கள். எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் படியெடுக்கிறோம் என்பதை இரண்டு பேர் சரிபார்ப்பதும் நல்லது. திசை மாறினால், பழைய கணக்கு புதிய கணக்கின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

எல்லா வால்யூம் ஜோடிகளும் மீண்டும் முழுதாக ஒத்திருக்கும் ‘டூப்ளெக்ஸ்’ நிலைக்கு வரும்வரை மாற்று மையம் காப்பு ஆகாது. அதுவரை காப்பு, தனியே எடுத்துவைத்த அந்தப் பழைய நகல்தான்.