சேர்த்துவைக்க முடியாத ஓய்வு

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஏதாவது ஒரு டீக்கடை ஓரம் நின்று பாருங்கள். வேலை முடிந்து வருபவர் கையில் காலி டிபன் பாக்ஸ், உள்ளே போகிறவர் பையில் நிறைந்த டிபன் பாக்ஸ். இருவரும் டம்ளரை வாங்கிக்கொண்டு கேட்டுக்கொள்வது அநேகமாக ஒரே கேள்விதான்: “இன்னிக்கு ஓ.டி. இருக்கா?”

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் போய், “கொஞ்சம் நிதானமாக வாழுங்கள்” என்று சொன்னால் சிரிப்பார்கள். வாடகையும் பள்ளிக் கட்டணமும் நிதானமாக வருவதில்லை. ஆனால் எதற்காக நேரம் வேண்டும் என்ற கேள்வியை, எந்தத் தியான வகுப்பையும்விடத் தெளிவாகத் தமிழகத் தொழிலாளர்கள் ஒருமுறை எழுப்பினார்கள்.

மூன்று நாள் லீவு வேண்டாமா?

2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, நான்கு நாள் உழைத்தால் மூன்று நாள் விடுமுறை என்று விளக்கம் தரப்பட்டது. கணக்கு சரிதான். ஆனாலும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு ஆண்டுகள்.

மூன்று நாள் லீவை யாராவது வேண்டாம் என்பார்களா? திருநின்றவூரிலிருந்து மின்சார ரயில் பிடித்து, இறங்கி ஷேர் ஆட்டோ ஏறுகிறவருக்கு 12 மணி நேர வேலை என்றால், வீட்டுக்கு வெளியே 14 மணி நேரம். அவர் திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியிருக்கும். மகளுக்குக் கணக்கில் சந்தேகம் இன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேட்டால், “அதெல்லாம் முடிஞ்சுபோச்சுப்பா” என்பாள். அம்மாவின் பிரஷர் மாத்திரையும் அப்படித்தான், நம் தூக்கமும் அப்படித்தான். வாழ்க்கையில் முக்கியமானவை எல்லாம் தினப்படி வருகிறவை. மொத்தமாகச் சேர்த்து வாரக் கடைசியில் தீர்க்க முடியாது.

நேற்றைய பூ ஆகாது

பூந்தமல்லிக்காரர்களுக்கு இது புதிதல்ல. பதினோராம் நூற்றாண்டில் இங்கே பிறந்தவர் திருக்கச்சி நம்பிகள். நந்தவனம் வைத்து, பூத்தொடுத்து, காஞ்சி வரதராஜருக்குக் கொண்டுபோய்ச் சாத்தி, ஆலவட்டம் வீசுவதுதான் அவர் செய்த கைங்கரியம். ராமானுஜரின் மனதிலிருந்த ஐயங்களுக்குப் பெருமாளிடமே கேட்டு ஆறு வார்த்தைகளில் விடை கொண்டுவந்தவர் இவர்தான் என்கிறது வைணவ மரபு. இத்தனை பெரிய விடை, விசிறி வீசியவர் வழியாக வந்திருக்கிறது. ஆனால் அவருக்கும் பூ விஷயத்தில் சலுகை கிடையாது. நேற்றுப் பறித்தது இன்றைக்கு ஆகாது, ஒரு வாரத்துக்கான மாலையை ஒரே நாளில் கட்டிவைக்கவும் முடியாது.

அதற்காக ஓ.டி.க்கு மாட்டேன் என்று சொல்ல எல்லோராலும் முடியாது. கான்ட்ராக்ட்டில் இருப்பவர் சொன்னால் நாளைக்கு வேலை இருக்குமா என்பதே சந்தேகம். அவருக்கு நிதானம் என்பது மனப்பக்குவம் சார்ந்ததல்ல, சட்டமும் சங்கமும் சார்ந்தது. கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டிருந்த ஊழியர்களுக்கு உட்கார ஓர் இருக்கை தர வேண்டும் என்பதற்கே இங்கே 2021-ல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது.

ஆனால் சொல்ல முடிந்தவர்களும் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ‘ஓகே சார்’ போட்டுக்கொண்டு, தட்டில் என்ன விழுந்தது என்று தெரியாமல் சாப்பிடுகிறோம். வீட்டுக் கடன் முடியட்டும், பிள்ளைக்குக் கல்யாணம் ஆகட்டும், ரிட்டயர் ஆனதும் பார்த்துக்கொள்ளலாம் என்று நமக்கு நாமே ஒரு 12 மணி நேர மசோதாவை நிறைவேற்றி வைத்திருக்கிறோம். அதை வாபஸ் வாங்க எந்த முதல்வரும் வர மாட்டார்.