ஏழு நாளில் இரண்டு கிலோ

மகள் கல்யாணத்துக்குள் இளைத்தாக வேண்டுமென்று என் மனைவி சோறு, சப்பாத்தி, பழம் எல்லாவற்றையும் அறவே நிறுத்தினாள். ஏழே நாளில் இரண்டு கிலோ குறைந்தது. "பார்த்தீங்களா!" என்றாள்.

குறைந்தது கொழுப்பல்ல, பெரும்பாலும் தண்ணீர். கல்லீரலிலும் தசைகளிலும் சுமார் 400 முதல் 500 கிராம் மாவுச்சத்து, கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிப்பாக இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் சேமிப்பு கரையும், நீரும் கூடவே போகும். மறுபடி சாப்பிட்டதும் இரண்டும் திரும்பி வந்துவிடும். 1972-இல் அமெரிக்க டாக்டர் அட்கின்ஸ் எழுதிய புத்தகம் முதல் இன்றைய கீட்டோ வரை முதல் வாரத்து மாயம் பெரும்பாலும் இதுதான்.

இவளுக்கோ சர்க்கரை வியாதி. கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் விடாமல் போட்டுக்கொண்டிருந்தாள். நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை அது. எட்டாம் நாள் காலை வேர்த்துக்கொட்டி, கை நடுங்கி, சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரத்தச் சர்க்கரை 52. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தபின்தான் பேச்சு வந்தது. சாப்பாட்டைக் குறைத்தால் மாத்திரையையும் குறைக்க வேண்டியிருக்கும், முதலில் என்னிடமல்லவா கேட்டிருக்க வேண்டும் என்று டாக்டர் கோபித்துக்கொண்டார்.

நம் வீடுகளில் ஒரு விசேஷம் உண்டு. வடக்கே வந்து சப்பாத்தி பழகினோம், சோற்றையும் விடவில்லை. ஒரே வேளையில் இரண்டும்! இப்போது ஏதாவது ஒன்றுதான், அதுவும் கால் தட்டு. பாதித் தட்டு காய், மீதி பருப்போ சுண்டலோ. ஆறு மாதத்தில் நான்கு கிலோ குறைந்தது. கல்யாணம் அதற்கு முன்பே வந்துவிட்டதால் பட்டு ரவிக்கையைப் பிரித்துத்தான் தைத்தோம்.