பட்டமும் கைத்திறனும்

அரசாங்க ஒப்பந்த வேலைகளில் அமர்வோர்க்கு வேண்டுவது பட்டமா, திறமையா?

2004 டிசம்பர் 26இல் கடற்கோள் சிதைத்த கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களில் வீடுகளை மீள எழுப்புதற்கு மேசன்மாரின் கைத்திறனே வேண்டியிருந்தது. அத்திறமையை அளக்க வழியுண்டு. இலங்கையின் தேசிய தொழிற்றகைமை முறையில் ஏழு மட்டங்கள் உள்ளன. ஏழாவது, பட்டத்துக்கு நிகரானது. அனுபவத்தால் தொழில் கற்றவரும் மதிப்பீட்டாளர் முன்னிலையில் வேலையைச் செய்துகாட்டி, உரிய மட்டத்துச் சான்றிதழைப் பெறலாம்.

2022இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநில அரசு, தன் பதவிகளுள் ஆயிரக்கணக்கானவற்றுக்குப் பட்ட நிபந்தனையை நீக்கிற்று. ஒப்பந்த வேலைகளிலும், கட்டடத்தை வடிவமைக்கும் பொறியியலாளருக்குப் பட்டம் இன்றியமையாதது. வேலைத்தளத்தை மேற்பார்ப்பவருக்கோ செய்முறைச் சான்று போதும்.

பட்டத்தை விலக்கலாம், சோதனையை விலக்கலாகாது. சுவர் சரிந்தால் துன்புறுபவர் அவ்வீட்டில் குடியிருப்பவரே.