பத்து வருஷம் உழைக்கும் கம்ப்யூட்டர்... இந்த ரகசியங்கள் தெரியுமா?

கடைக்குப் போகிறோம். பளபளக்கும் கேபினெட், உள்ளே வானவில் விளக்கு, முகப்பில் ‘ஐ7’ ஸ்டிக்கர்... மயங்கிவிடுகிறோம்! ஆனால் அந்தப் பெட்டி மூணு வருஷம் ஓடுமா, பத்து வருஷம் ஓடுமா என்பதைத் தீர்மானிக்கும் சங்கதிகள் விளக்கு எரியாத மூலைகளில்தான் இருக்கின்றன. திருப்புளியை எடுங்கள், உள்ளே புகுந்து பார்த்துவிடலாம்!

தம்பி ஐ3, அண்ணன் ஐ7-ஐ முந்திய கதை தெரியுமா?

2017 ஜனவரியில் வந்த இன்டெல் பிராசஸர் ஐ7-7700கே, அன்றைக்கு ராஜா! அதே வருஷக் கடைசியில் வந்த ஐ3-8100 சாதாரணப் பொடியன். இன்றைக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் பட்டியலில் பொடியனுக்கு இடம் உண்டு, ராஜாவுக்கு இல்லை! விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தும்விட்டது. இந்த இன்டெல் வரிசையில் கோட்டுக்கு அப்புறம் வருகிற எண்ணில்தான் தலைமுறை ஒளிந்திருக்கிறது. 7700 என்றால் ஏழாவது, 12400 என்றால் பன்னிரண்டாவது. செகண்ட் ஹேண்டில் ‘ஐ7 சார், மலிவு’ என்று யாராவது சொன்னால், உடனே கேளுங்கள்: “எத்தனாவது ஜெனரேஷன்?”

வாலில் ஓர் எழுத்து, திரையே இருட்டு!

12400, 12400எஃப். ஓர் எழுத்துதானே வித்தியாசம்? அந்த ‘எஃப்’ இருந்தால் பிராசஸருக்குள் கிராபிக்ஸ் கிடையாது! விலை கொஞ்சம் குறைகிறதே என்று வாங்கிவந்து, தனி கிராபிக்ஸ் கார்டு போடாமல் ஆன் செய்தால், விசிறி சுற்றும், விளக்கு எரியும், மானிட்டர் மட்டும் கும்மிருட்டு!

30 வருஷப் பழைய அளவு இன்னும் பொருந்துவது தெரியுமா?

1995-இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்று ஓர் அளவுமுறை வகுத்தது. போர்டு எவ்வளவு பெரிசு, திருகு எந்த இடத்தில், மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். எப்படி என்பதெல்லாம் அதில் அடக்கம். இன்றைய மதர்போர்டுகளும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன! அதனால்தான் எஸ்.எம்.பி.எஸ். போனால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வேறொன்று வாங்கி, சாயங்காலத்துக்குள் மாட்டிவிட முடிகிறது. உஷார்: சில பிராண்டட் குட்டிப் பெட்டிகளில் போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவத்தில் இருக்கும். வாரண்டி முடிந்தபின் பழுதானால் தெருத்தெருவாக அலைய வேண்டியதுதான்!

ஒரே சாக்கெட், ஐந்து வருஷ வாரிசுகள்!

2017-இல் முதல் ரைசன் பிராசஸர்கள் ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட்டில் உட்கார்ந்தன. 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி என்ற பந்தயக் குதிரையும் அதே சாக்கெட்டுக்குத்தான்! முதல் வருஷத்து போர்டுகள் பலவற்றில், பயாஸ் என்ற போர்டின் அடிப்படை மென்பொருளை அப்டேட் செய்தாலே அது ஓடியது. நேர்மாறான கூத்தும் உண்டு. இன்டெலின் ஏழாம் தலைமுறைக்கும் எட்டாம் தலைமுறைக்கும் சாக்கெட் பெயர் ஒன்றே. ஆனால் பழைய போர்டில் புதியதைப் போட்டால் வேலை செய்யாது! ஆக, வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி: “இதில் நாளைக்கு வேறு என்ன உட்காரும்?”

33 வருஷம் எழுதினாலும் தீராத சிலேட்டு!

ஹார்டு டிஸ்க்கின் தட்டு நிமிஷத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. அப்படியும் அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஃபைல்களைத் தேடி எடுக்க நொடிக்குச் சுமார் நூறு தடவைதான் முடியும். தட்டுக்குப் பதில் சில்லுகளில் எழுதும் எஸ்.எஸ்.டி.யோ பல்லாயிரம் தடவை! அதை மாட்டினால் பழைய கம்ப்யூட்டருக்கும் புது உயிர் வருவது இதனால்தான். ‘எழுதி எழுதித் தேய்ந்துவிடுமே’ என்று பயமா? 1 டி.பி. எஸ்.எஸ்.டி.கள் பலவற்றுக்கு எழுத்து வரம்பு 600 டி.பி. தினமும் 50 ஜி.பி. எழுதினாலும் 12,000 நாள், கிட்டத்தட்ட 33 வருஷம்! ஆனால் ஒரு சில்லு திடீரென்று செத்தால் மொத்தமும் போச்சு. நகல் ஒன்று வேறிடத்தில் இருக்கட்டும்.

கேபினெட்டைத் தொட்டால் ‘சுர்ர்’ என்கிறதா?

பேய் இல்லை, எர்த் இல்லை! எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலில் மின் இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்கள் உண்டு. அவற்றில் கசியும் துளி மின்சாரம் எர்த் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியின் உலோகத்தில் தங்கி, உங்கள் விரலைத் தேடுகிறது! முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் கஞ்சம் வேண்டாம். நல்லவற்றுக்குப் பத்து வருஷ வாரண்டியே கிடைக்கிறது. அடுத்த கம்ப்யூட்டருக்கும் அதையே கழற்றி மாட்டலாம்!

மேஜைமேல் ஒன்று... அதன் பின்னால் 1.8 டன்!

ஐ.நா. பல்கலைக்கழகம் 2004-இல் வெளியிட்ட கணக்கு இது. அந்தக்கால மேஜைக் கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து ஒரு ஜோடி செய்ய 240 கிலோ எரிபொருள், 22 கிலோ ரசாயனம், 1,500 கிலோ தண்ணீர்! மொத்தம் ஒரு காண்டாமிருகத்தின் எடை! பெட்டியைப் பல வருஷம் உழைக்க வைக்க இதைவிடக் காரணம் வேண்டுமா?

கடைசியாக, ஒரு காசு ரகசியம்!

தேதி தப்பாகக் காட்டுகிறதா? இணையதளங்கள் ‘பாதுகாப்பில்லை’ என்று மிரட்டுகின்றனவா? ‘பெட்டிக்கு ஆயுசு முடிஞ்சுது’ என்று மூட்டை கட்டிவிடாதீர்கள்! மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். பெட்டி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான்; அது தீர்ந்தால் தேதி தப்பி, இணையதளங்களும் சந்தேகப்படும். பெயர் சி.ஆர்.2032. பெயரிலேயே அளவு இருப்பது தெரியுமா? 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன்! தெருமுனை வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பழசைக் கழற்றி, புதுசைப் போட்டு, தேதியைச் சரிசெய்து பாருங்கள். அந்த 1.8 டன் மறுபடி ஓட ஆரம்பிக்கும்!